அந்த அட்டையில என்னங்க போட்டிருக்குது?

2018 ஆடி மாசம். காளப்பட்டி தாண்டி ஒரு புது அப்பார்ட்மென்ட். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்த அடியில் துப்பட்டா தோளில் நிற்கவில்லை. நல்லவேளை, 11 கிலோ பை என்னைத் தரையோடு பிடித்து வைத்திருந்தது. கூட வந்தவர்கள் அந்த வீட்டை வாங்கப்போகிற கணவன் மனைவி. கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். கேட்டுக்குள் காலை வைக்கும்போதே சைட் மேனேஜர் மறித்தார்.

"நீங்க யாருங்க அம்மணி?"

"வீடு செக் பண்ண வந்திருக்கறனுங்க. சார்தான் கூட்டீட்டு வந்தாரு."

"அதுக்கு லைசென்ஸ் இருக்குங்களா?"

இல்லை என்பது உண்மை. அப்படி ஒரு லைசென்ஸே இந்த நாட்டில் கிடையாது என்பதும் உண்மை. நான் இரண்டாவதைச் சொன்னேன். அவர் காதில் முதலாவதுதான் விழுந்தது.

"அப்ப வெளியவே நில்லுங்க. வாங்கறவங்க மட்டும் உள்ள போலாம்."

எதிரே ஒரு பேக்கரி. கோயமுத்தூரில் எந்த இடத்திலிருந்து துரத்திவிட்டாலும் எதிரே ஒரு பேக்கரி இருக்கும். ஒரு டீ, ஒரு தேங்காய் பன் சொல்லிவிட்டு, போனில் அந்த வீட்டைப் பார்க்க ஆரம்பித்தேன்.

"ஒரு ரூபாக் காசு இருக்குங்களா? எடுத்து டைல்ஸ ஒவ்வொண்ணா தட்டுங்க. நாலு மூலை, அப்புறம் நடுவுல. டக்குன்னு கெட்டியா கேட்டா சரி. பானையத் தட்டற மாதிரி கேட்டா அடியில கலவை ரொம்பலைன்னு அர்த்தம். போன ஸ்பீக்கர்ல போட்டு கீழ வைங்க, நானே கேட்டுக்கறேன்."

தட்டினார். "இதுங்க?" சரி. "இதுங்க?" பானை. "இதுங்க?" பானை. "இதுங்க?" அது என்ன, தகரத்தைத் தட்டுறீங்களா? "இல்லீங்க, கை தவறி பாத்ரூம் கதவுல பட்டுருச்சு."

ஹாலில் மட்டும் 64 டைல்ஸ், அதில் 19 பானை. பாத்ரூமில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். தண்ணீர் ஜல்லடைப் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் வந்து நின்றதாம். அவர் மனைவி போனை வாங்கி, "அக்கா, என்ற செருப்பு மெதக்குதுக்கா" என்றார். டைல்ஸை எடுத்து மறுபடி ஒட்டித் தந்தால்தான் மிச்சப் பணம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வீட்டை எடுத்தார்கள். எனக்குப் பணம் போனிலேயே வந்தது. ஆனாலும் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த மேனேஜரின் கேள்விதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கப்பா கொத்தனார். காங்கேயத்துப் பக்கம் அவர் எழுப்பிய சுவர்கள் நிறைய நிற்கின்றன. கரணை, ரசமட்டம், மூலைமட்டம், தூக்குக்குண்டு, இவ்வளவுதான் அவர் சொத்து. அரசாங்கம் அவருக்குக் கொடுத்த ஒரே தொழில் அடையாளம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை. வாரியம் 1994-ல் வந்தது, அப்பா ஏழு வருஷம் கழித்துத்தான் சேர்ந்தார். நான் ஈரோட்டில் பாலிடெக்னிக் படிக்கும்போது அந்த அட்டையை வைத்துத்தான் உதவித்தொகை வாங்கினார். சிவில் டிப்ளமோ முடித்து சைட் இன்ஜினியராகப் பல வருஷம். நடுவில் சாயங்கால வகுப்பில் பகுதி நேர பி.இ., ஏழு செமஸ்டர். பகலெல்லாம் சைட்டில் சிமென்ட் தூசி, ராத்திரி ஒன்பது மணிக்கு வகுப்பு முடிந்து காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் தூக்கம். 2013-ல் முடித்தேன்.

வீடு பார்க்கிற வேலைக்கு என்னை இழுத்தது எங்க சித்தப்பா வீடு. கண்டக்டராக இருந்து ரிட்டயர்டு ஆனவர். ஊரில் பங்காக வந்த ரெண்டு ஏக்கரை விற்று, சூலூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் மூணே கால் சென்ட்டில் கட்டின வீடாக வாங்கினார். வாங்குவதற்கு முன் வக்கீல் தாய்ப்பத்திரம் பார்த்தார், 30 வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்தார். பேங்க் இன்ஜினியர் வந்து டேப் பிடித்து, நாலு போட்டோ எடுத்து, ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போனார். வாஸ்துக்காரர் அரை நாள் இருந்தார். தென்மேற்கில் இருக்கிற கழிவறையை மாற்றச் சொன்னார். எல்லாரும் பார்த்தார்கள். சுவரைத் தொட்டுப் பார்க்கத்தான் ஒருத்தரும் இல்லை. நானும்தான். அந்த வாரம் எனக்கு ஒரு தளம் போடுகிற வேலை, பால் காய்ச்சுகிற அன்றைக்குத்தான் போனேன். அப்போது எல்லாம் புதுப் பெயிண்டில் பளபளவென்று இருந்தது.

ரெண்டாவது ஐப்பசிக்கு முன்கதவு இறுகியது. சித்திரையில் தானாகவே இளகியது. அடுத்த ஐப்பசியில் மறுபடி இறுகி, ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக ஒரு வெடிப்பு ஏறியது, ஒரு ரூபாய்க் காசு நுழைகிற அகலத்துக்கு. அந்தப் பக்கம் கரிசல். பருத்திக்கு உகந்த மண், கட்டிடத்துக்கு அவ்வளவு உகந்ததல்ல. தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். நாலடியில் கடைக்கால் போட்டு நிறுத்திய வீட்டை அது வருஷத்துக்கு ஒருதரம் தூக்கித் தூக்கி இறக்கும். இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. அடியில் குமிழ் மாதிரி அகலமாகும் குட்டிக் கான்கிரீட் தூண்களை (பைல்), மண்ணின் ஆட்டம் எட்டாத ஆழத்துக்கு, ஏறத்தாழ 3.5 மீட்டருக்கு இறக்கி, மேலே பீம் போட்டுக் கட்டலாம். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையம் எத்தனையோ வருஷமாகச் சொல்லிவருகிற முறைதான். சித்தப்பா வீட்டைக் கட்டியவர் அதற்குச் செலவு பண்ணவில்லை.

"நீ ஒருக்கா வந்து பாத்திருந்தீனா…" என்று ஆரம்பித்த சித்தப்பா, சின்னம்மா முறைத்ததும் பாதியிலேயே நிறுத்திவிட்டார். முடித்திருந்தால்கூட அவ்வளவு உறுத்தியிருக்காது.

சரி, லைசென்ஸுக்கு வருகிறேன். காளப்பட்டிக் கதைக்கு அப்புறம் மூணு மாசம் அதைத்தான் தேடினேன். ஒரு அலுவலகத்தில் ரொம்பப் பொறுமையான மனுஷர் ஒருத்தர் விளக்கினார். பிளான் போட்டுக் கையெழுத்துப் போடப் பதிவு இருக்கிறது. ஒயரிங் வேலைக்கு மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. கட்டி முடித்த வீட்டை வாங்குகிறவருக்காகப் பார்த்துச் சொல்வதற்கா? அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கட்டுன ஊட்ட எதுக்குங்க பாக்கோணும்?" என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிற பெரியம்மா பையனிடம் கேட்டேன். ஐ.டி. வேலை போனபின் அண்ணன் அங்கே இதே வேலைக்குத்தான் லைசென்ஸ் எடுத்திருந்தான். அவன் சொல்லச் சொல்ல எனக்குப் பொறாமை. 180 மணி நேரம் படிப்பு, அதில் 40 மணி நேரம் லைசென்ஸ் உள்ள ஒருத்தர் கூடவே போய்ச் சம்பளமில்லாமல் வீடு பார்க்க வேண்டும். அப்புறம் தேசியத் தேர்வு, நாலு மணி நேரத்தில் 200 கேள்வி. அதில் 25 கேள்விக்கு மார்க்கே கிடையாது, ஆனால் எந்த 25 என்று சொல்ல மாட்டார்கள். 200-லிருந்து 800 வரை போகிற அளவில் 500 எடுத்தால் பாஸ். அதோடு முடியாது. நாம் கவனிக்காமல் விட்ட குறையால் வாங்கியவருக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்ட 5 லட்சம் டாலருக்கு இன்சூரன்ஸ் வேண்டும்.

"எல்லா ஊர்லயும் இப்படியா?" என்றேன்.

"அட நீ வேற. கலிபோர்னியாவுல மாநில லைசென்ஸே கெடையாது. நாளைக்கே போர்டு மாட்டிக்கலாம்."

அது ஏனோ எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அண்ணன் காட்டிய ஆன்லைன் பாடங்களில் ராத்திரி ராத்திரி உட்கார்ந்தேன். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், புகைபோக்கி. கூரையில் உருகிய பனி ஓரத்தில் மறுபடி உறைந்து அணைபோல் நின்று தண்ணீரை உள்ளே தள்ளுவது. தரைக்கடியிலிருந்து ஏறும் கதிரியக்க ரேடான் வாயு, லிட்டருக்கு 4 பிகோகியூரியைத் தொட்டால் சரிசெய்யச் சொல்கிறார்கள். 1978-க்கு முந்தின வீடானால் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கிறதா என்று பார். எங்க ஊரில் பனி என்றால் மார்கழி காலையில் மப்ளர் கட்டிக்கொள்கிற அளவுதான். மொட்டை மாடித் தட்டோடு, தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப், பாத்ரூமுக்குத் தாழ்த்திப் போடும் சங்கன் ஸ்லாப், இதெல்லாம் எந்தப் பாடத்திலும் வரவில்லை.

ஆனால் அங்கிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். கண்ணுக்குத் தெரிவதை, கைக்கு எட்டுவதை மட்டும் பார்; உடைக்காதே; பார்க்க முடியாததைப் பார்க்க முடியவில்லை என்று காரணத்தோடு எழுது. என் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு அறைக்கும் கடைசியில் "பார்க்க முடியலை" என்று ஒரு கட்டம் உண்டு. "கபோர்டு அடித்துவிட்டார்கள், பின்சுவர் தெரியவில்லை." "சம்ப் மூடியைத் திறக்க ஆள் இல்லை." ஆரம்பத்தில் இதை எழுதக் கூச்சமாக இருந்தது. காசு வாங்கிக்கொண்டு பார்க்கவில்லை என்று எழுதுவதா? இப்போது அந்தக் கட்டம் காலியாக இருந்தால்தான் எனக்கே சந்தேகம் வருகிறது.

இங்கே கிடைக்கக்கூடிய காகிதம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது: பதிவு பெற்ற மதிப்பீட்டாளர், நிலமும் கட்டிடமும். 2017-ல் வந்த விதி. சிவில் பட்டமும் அதற்குப்பின் ஐந்து வருஷ அனுபவமும் வேண்டும், எனக்கு ரெண்டும் இருந்தது. 50 மணி நேர வகுப்பு, பிறகு கம்ப்யூட்டரில் தேர்வு. ரெண்டு மணி நேரம், 100 மார்க், 60 எடுக்க வேண்டும். தப்பாகப் பதில் சொன்னால் அந்தக் கேள்வியின் மார்க்கில் கால் பங்கு போய்விடும்.

முதல் தடவை 57.25. தெரியாத கேள்விக்கெல்லாம் குத்துமதிப்பாக அமுக்கினேன். சைட்டில் அப்படித்தானே பழக்கம்: "ஏம்மா, இந்த பீமுக்கு எத்தனை கம்பி?" என்று மேஸ்திரி கேட்டால் முழிக்கக் கூடாது, டக்கென்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அப்புறம் டிராயிங்கைப் பார்க்க வேண்டும். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் அந்த வித்தை பலிக்கவில்லை. ரெண்டாவது தடவை தெரியாததை விட்டுவிட்டேன். பாஸ்.

இந்தப் பதிவைக் கொடுப்பது இந்தியத் திவால் மற்றும் நொடிப்பு நிலை வாரியம். சான்றிதழைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். அவருக்குக் கண் மங்கல், நானே படித்துக் காட்டினேன்.

"திவாலா? ஆருது சாமி திவாலாச்சு?"

"ஆருதும் இல்லீங்கப்பா. அவங்கதான் இதயும் குடுக்கறாங்க."

"இதுல செவுரு பாக்கலாம்னு போட்டிருக்குதா?"

"இல்லீங்க. வெல போடலாம்னு போட்டிருக்குது."

அப்பா அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. ஒரு கட்டிடத்துக்கு மிச்சம் எத்தனை வருஷம் ஆயுள் என்று கணக்குப் போட அந்தப் படிப்பில் சொல்லித் தருகிறார்கள். அந்த ஆயுளை எது தின்றுகொண்டிருக்கிறது என்று தேடுகிற வேலை அதில் இல்லை. அதனால் வீடு பார்த்து எழுதும் ரிப்போர்ட்டில் என் மதிப்பீட்டாளர் பதிவு எண்ணைப் போடுவதில்லை. முதல் பக்கத்திலேயே "இது மதிப்பீட்டு அறிக்கை அல்ல" என்று தடித்த எழுத்தில் இருக்கும்.

இந்தப் பக்கத்து வீட்டில் நான் என்ன பார்ப்பேன் என்று அடிக்கடி கேட்கிறார்கள். முதலில் மேற்குச் சுவர். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வருகிற காற்று மழையைக் குறுக்கே கொண்டுவந்து மேற்குச் சுவரில் அறையும். ஐப்பசி, கார்த்திகை மழை அப்படியில்லை, மேலிருந்து மொட்டை மாடியைச் சோதிக்கும். அதனால் தளம் ஒழுகுகிறதா என்பது ஒரு கேள்வி, மேற்கு ஜன்னலைச் சுற்றி ஓதம் (ஈரம்) ஏறுகிறதா என்பது இன்னொரு கேள்வி. ஒரு மழையை மட்டும் பார்த்த வீடு பாதிச் சோதனைதான் முடித்திருக்கிறது. விற்கிறவர்கள் பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான் காட்டுவார்கள். எல்லாம் காய்ந்து கிடக்கும். அப்போது சுவரின் அடியில் உப்புப் பூத்த தடம், சன்ஷேடுக்கு அடியில் பழுப்புக் கோடு, இதையெல்லாம் தேட வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை ஓத மீட்டர் கொஞ்சம் சொல்லும், புறங்கையும் சொல்லும்.

அப்புறம் தண்ணீர். "சிறுவாணித் தண்ணிங்க" என்பார் புரோக்கர். குழாயைத் திறந்து கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டால் லிட்டருக்கு 1,460 மில்லிகிராம் என்று காட்டும். சிறுவாணி அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வராது. அது போர்த் தண்ணீர், ஆயிரம் அடியிலிருந்து வருகிறது. குடிதண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. சிறுவாணி வராத வீடு என்பது குறை இல்லை. வருகிறது என்று சொல்லி விலையைக் கூட்டியதுதான் குறை. கீஸரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பாறை வளர்ந்திருக்கும்.

பிளக் பாயின்டில் மூணு ஓட்டை இருப்பதால் மூணும் வேலை செய்யும் என்று நினைக்கிறோம். பெருந்துறையில் ஒரு வீட்டில் 22 பாயின்ட், அதில் 14-க்கு எர்த் கம்பியே இணைக்கவில்லை. ஓட்டை மட்டும் அழகுக்கு. அதில் ஒன்று கீஸர் பாயின்ட். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய ஆர்.சி.சி.பி. போர்டில் இருந்தது. டெஸ்ட் பட்டனை அமுக்கினேன், அது அசையவில்லை. வீட்டுக்காரம்மா, "அதெல்லாம் அமுக்கக் கூடாதுங்க, கரண்டு போயிரும்" என்றார். போகவில்லை, அதுதானே பிரச்சனை.

பழைய வில்லை ஓட்டு வீடுகள் எனக்குப் பிடிக்கும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தொட்டிக்கட்டு வீட்டில் அட்டாலி ஏறி ஒவ்வொரு உத்திரமாகத் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். மேலே தேக்கு மாதிரி மின்னிய ஒன்றில் திருப்புளி பிடிவரை போனது, உள்ளே முழுக்கக் கரையான் மண். சுண்ணாம்புக் காரைச் சுவரின் மேல் யாரோ சிமென்ட் பூச்சுப் பூசி, உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் செய்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர், "எங்கப்பாரு காலத்துல ஓதமே இல்ல கண்ணு" என்றார். பொய் சொல்லவில்லை அவர்.

வடவள்ளியிலிருந்து போன வருஷம் ஒருத்தர் கூப்பிட்டார். அப்பார்ட்மென்ட் கைக்கு வந்து நாலரை வருஷம். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டத்தில் 14(3) என்று ஒரு பிரிவு இருக்கிறது: ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ எழுத்தில் சொன்னால், கட்டியவர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அவர் அதைப் படித்திருந்தார். கெடு முடிவதற்குள் மொத்தமாகப் பார்த்துப் பட்டியல் போட்டுக் கொடுங்கள் என்றார். 41 குறை எழுதினோம். வீடு வாங்கும்போதே என்னைக் கூப்பிடுகிறவர்களைவிட இப்படி நாலரை வருஷத்தில் கூப்பிடுகிறவர்கள்தான் இப்போது அதிகம். சொந்தபந்த ஒரம்பரையில் கூப்பிடுகிறவர்கள் அதைவிட அதிகம். அவர்கள் காசு கொடுப்பதில்லை, சாப்பாடு போடுகிறார்கள்.

போன மாசம் மறுபடி ஒரு கேட். அவிநாசி ரோட்டை ஒட்டி, வேற கம்பெனி, வேற மேனேஜர். இந்தத் தடவை கழுத்தில் அட்டை இருந்தது. சான்றிதழைச் சின்னதாக ஜெராக்ஸ் எடுத்து, காந்திபுரத்தில் 40 ரூபாய்க்கு லேமினேட் பண்ணிக் கயிறு கோத்தது.

"அந்த அட்டையில என்னங்க போட்டிருக்குது?"

"ரிஜிஸ்டர்டு வேல்யூவருங்க. ஆனா இது வெல போடறதுக்குங்க. இப்ப நான் வந்தது செவுரு, ஒயரிங், தண்ணியெல்லாம் பாக்கறதுக்கு. அதுக்குன்னு தனியா லைசென்ஸ் கெடையாதுங்க."

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

"கவர்மென்ட் பதிவுதானுங்களே?"

"ஆமாங்க."

"அப்பப் போங்க. லிப்ட் இன்னும் ஓடலீங்க, படியில ஏறிக்கோங்."

நாலாவது மாடி. பெரிய பெட்ரூமில் மற்ற மூணு சுவரும் பழைய பெயிண்ட். மேற்குச் சுவரில் மட்டும் புதுப் பெயிண்ட் வாசம் அடித்தது. பையை இறக்கி மீட்டரை எடுத்தேன்.